அம்மாவைப் பார்க்க ஓர் ஒத்திகை

வகுப்பு தொடங்கும் நேரத்தில்தான் அந்த போன் வந்தது. மலைக் கிராமத்திலிருந்து துகிமான் பேசினான்.

"அம்மா விடியக்காலையில போயிட்டாங்க டீச்சர். அக்காகிட்ட மெதுவா சொல்லுங்க."

வெனிங் வகுப்பறைக் கதவருகே அப்படியே நின்றாள். உள்ளே ஒரே சிரிப்பு. யோக்யகர்த்தாவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்தோனேசிய மொழி சொல்லிக் கொடுப்பது அவள் வேலை. அந்த அக்கா அவளுடைய மாணவி ஃபெம்கே. கைக்குழந்தையாக ஹாலந்துக்குத் தத்துப் போனவள். பெற்றவளிடம் பேசுவதற்காகவே நாற்பத்தைந்து வயதில் மொழி படிக்க வந்தவள். ஞாயிற்றுக்கிழமை முதல் சந்திப்பு என்று ஏற்பாடு. துகிமான் அவள் இன்னும் பார்த்திராத தம்பி.

இன்றைய பயிற்சி, ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போவது. பிரம்பு நாற்காலி, தேநீர், வாழைப்பழ பஜ்ஜி எல்லாம் தயார். கொரியாக்காரன் மின்ஹோ தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்காரியாக உட்கார்ந்திருந்தான்.

"உன்னைப் பார்த்தா அம்மா ஞாபகம் வரல, சிரிப்புதான் வருது. எழுந்திருடா!" என்றாள் ஃபெம்கே. "டீச்சர், நீங்க வந்து உக்காருங்க. நீங்கதான் என் அம்மா."

கெட்ட சேதியை எடுத்த எடுப்பில் முகத்தில் வீசுவது வெனிங்குக்குப் பழக்கமில்லை. அவள் ஊரில் உட்கார வைத்து, வயிற்றுக்கு ஏதாவது கொடுத்து, பிறகுதான் மெல்லச் சொல்வார்கள். எப்படியும் மதியத் தொழுகைக்குப் பிறகுதானே அடக்கம்? வகுப்பு முடிந்து கிளம்பினாலும் போய்விடலாம். போய் உட்கார்ந்தாள்.

ஃபெம்கே செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து வந்து, அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"அம்மா, எனக்கு உங்க மேல கோபமே இல்ல. அங்க என்னை நல்லாத்தான் வளர்த்தாங்க. போட்டோ எதுக்கு, நேர்ல வந்து பாருன்னு பிடிவாதமா சொல்லிட்டீங்க. அந்த முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்தா போதும், அதுக்குத்தான் வந்தேன்."

வகுப்பே கைதட்டியது. வெனிங் பஜ்ஜித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

எல்லோரும் போன பிறகுதான் சொன்னாள். ஃபெம்கே அழவில்லை. "சீக்கிரம் போலாம்" என்றாள். இரண்டு மணி நேரப் பயணம்.

அந்த வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கால் முழுக்கச் சேறோடு துகிமான் ஓடி வந்தான்.

"மழை கட்டிக்கிட்டு வந்துச்சுக்கா. அதனால சீக்கிரமே எடுத்துட்டோம். நீங்க வர்றீங்கன்னு ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா, எத்தனை நேரம் ஆனாலும் காத்திருப்போம்."

அக்காவுக்கு எல்லாமே புரிந்தது. புரியும்படி கற்றுக் கொடுத்தவளிடம் திரும்பினாள்.

"டீச்சர், போன் எப்ப வந்துச்சு?"

"வகுப்புக்கு முன்னாடி."

ஃபெம்கே கத்தவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, மண் காயாத குழியைப் பார்க்கப் புறப்பட்டாள். பின்னாலேயே நடந்த வெனிங்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வர வேண்டாம் டீச்சர்," என்றாள், மிக மரியாதையாக.