ஏற்றிச் சொன்னது

வெல்மா தட்டுகளில் வறுத்த கோழி வைத்துக்கொண்டிருந்தாள். நீல ஜாக்கெட் போட்ட பெண்ணொருத்தி தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்கு இறங்கி வருவதைப் பார்த்ததும் அவள் கை நின்றது. ஜாக்கெட்டில் மனநல உதவிக் குழு என்று எழுதியிருந்தது.

"தம்பி ரோஸ்கோவைப் புதைச்சிட்டு இப்பதான் வர்றோம். அதுக்குள்ள ஆறுதல் விக்க ஆள் வந்தாச்சு," என்றான் பெரியம்மா மகன் தாடியஸ்.

நோரீன் என்ற அந்தப் பெண் வெல்மாவுடைய அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பையனைச் சுட்ட அன்னிக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் சும்மா நின்னுட்டிருந்தோம், அம்மா. எங்களைக் கூப்பிடவே இல்ல."

"ஏன் கூப்பிடல?" தாடியஸ் நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"ஆயுதம் இருக்குன்னு சொல்லிட்டா போலீஸைத்தான் அனுப்புவாங்க."

"ரோஸ்கோ கையில இருந்தது சீப்பு. சுட்டுட்டாங்கல்ல, அதுக்கு ஒரு கத்தி வேணும். போலீஸே கத்தின்னு கதை கட்டிட்டாங்க."

அன்று அவசர எண்ணை அழைத்தது வெல்மாதான். தம்பி தூங்காமல் சுவரோடு பேசுகிறான் என்றாள். மனநலக் குழுவுக்கு மாற்றட்டுமா என்று குழைந்து கேட்டது மறுமுனை. பழைய சாமான் சந்தையில் வளர்ந்தவளுக்கு அந்தக் குழைவு நன்றாகத் தெரியும். பக்கத்துக் கடையில் கேளுங்கள் என்றால் உங்களுக்கு இங்கே வேலையில்லை என்று அர்த்தம். அங்கே போனால் அவன் இன்னொரு கடையைக் காட்டுவான். சந்தையில் விலையை ஏற்றிச் சொன்னால்தான் பாதியாவது படியும். அவளும் ஏற்றிச் சொன்னாள்.

"கத்தி வெச்சிருக்கான். சீக்கிரம் அனுப்புங்க."

சீக்கிரமாகத்தான் வந்தார்கள்.

"அவசர எண்ணுக்கு வந்த போன் பதிவை வக்கீல் கேட்டிருக்கார்," என்றான் தாடியஸ். "திங்கட்கிழமை வந்துடும். எந்தப் பய கத்தின்னு சொன்னான்னு ஊரே கேக்கட்டும். வெல்மா, நீ பேசினதும் அதுல இருக்கும்ல?"

"இருக்கும்."

"என் பொண்ணு தெளிவா சொல்லியிருப்பா," என்றாள் அம்மா. "பேச்சுல அவளை மடக்க ஆளே கிடையாது."

நோரீன் வெல்மாவைப் பார்த்தாள். பிறகு தன் காகிதக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டாள்.

வெல்மா இடுக்கியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். காலியாக இருந்த நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்க்கத் தொடங்கினாள்.

"அடியே, ஆளுங்க இன்னும் சாப்பிடவே இல்லையே," என்றாள் அம்மா.

வெல்மா அடுத்த நாற்காலியை மடித்தாள்.