ஆற்றில் போடாத ஜாடிக் கழுத்து

"குடுங்க அத. இப்பவே ஆத்துல போட்டுட்டு வர்றேன்."

"தொடாத. ரெண்டாயிரம் வருஷத்துப் பொருள்டி இது."

"ரெண்டாயிரமோ மூவாயிரமோ, இந்தத் தெருவுல இதயெல்லாம் ஆத்துல போட்டுத்தான் எல்லாரும் வீடு கட்டியிருக்காங்க. இட்லித் துணியில வேற தொடச்சி வச்சிருக்கீங்க."

அரியாங்குப்பத்து ஆற்றோரத் தெருவில் காலை ஏழு மணிக்கு எழுந்த சத்தம் இது. எதிர்வீட்டு அன்னக்கிளி வாசல் தெளித்து முடித்து அரைமணி ஆகியும் வாளியோடு நின்றது, போட்ட கோலத்தின் அழகைப் பார்ப்பதற்காக அல்ல.

செம்மல் வாத்தியார் மார்போடு அணைத்திருந்தது ஒரு ஜாடியின் கழுத்து. செம்மண் நிறம், இரண்டு பக்கமும் காது. வீட்டை ஒட்டிய காலிமனையில் தூணுக்குக் குழி எடுத்தபோது வந்தது. பழைய துறைமுகமான அரிக்கமேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தத் தெருவில் எவர் குழி வெட்டினாலும் ஓடு வரும், மணி வரும். வந்ததைச் சாக்கில் கட்டி, வெயில் ஏறுமுன் ஆற்றில் விட்டுவிடுவது வழக்கம். விநாயகரைக் கரைப்பதுபோல அதற்கும் யாரும் காரணம் கேட்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்: சேதி வெளியே போனால் பழம்பொருள் ஆபீசிலிருந்து ஆள் வரும், பலகை நடும், கட்டடம் நிற்கும்.

வாத்தியார் மனைவி ஆதிலட்சுமிக்குக் கட்டடம் நிற்கக்கூடாது. மனை அவள் அம்மா கொடுத்த சீதனம். மகள் கார்குழலிக்கு ரெட்டியார்பாளையத்து மாப்பிள்ளை கலைவாணனைப் பேசியாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா இராமதாஸ் கட்டட மேஸ்திரியாக இருந்து காண்ட்ராக்டராக ஆனவர். "வரதட்சணைன்னு ஒண்ணும் கேக்கமாட்டோம், நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல. பொண்ணு பேருல வீடு எழும்பட்டும், தளம் போட்டதும் தாலி" என்றுவிட்டார். அப்படிப்பட்டவர்கள் இல்லாதவர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

செம்மலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் வைத்த பெயர் ரோமாபுரி. அவர் வகுப்பில் காலாண்டுப் பரீட்சை வரை ரோம் எழும்பும், அரையாண்டு வரை விழும். சோழன் வந்து சேர்வதற்குள் முழுப் பரீட்சை வந்துவிடும். திருப்பதிக்கு வடக்கே போகாத மனிதர், ரோமின் ஏழு குன்றுகளை வீட்டு நாய்களைக் கூப்பிடுவதுபோலப் பெயர் சொல்வார். அந்த நகரம் சூறையாடப்பட்ட பாடத்தில் குரல் உடைந்துவிடும். தங்கை சின்னப்பாப்பாவின் புருஷன் செத்தபோதுகூட அவர் அப்படிக் கலங்கவில்லை. இதைச் சொன்னவள் சின்னப்பாப்பாவே.

அன்று காலை கடைசியில் அவர் இறங்கி வந்தார். "சரி, நானே போட்டுட்டு வர்றேன்" என்று மஞ்சள் பையில் ஜாடிக் கழுத்தைப் போட்டுக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார். வரும்போது பை காலி. ஆதிலட்சுமி நம்பினாள். முப்பது வருஷமாக ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்றுதான் அவளுக்கு அவர்மேல் இருந்த ஒரே குறை.

மீதிக் குழிகளில் வந்தவற்றை அவள் அவரிடம் காட்டவே இல்லை. ஜாடிக் காது, வட்டில் உடைசல், நீல மணிகள் என்று மூன்று நாளில் இரண்டு சிமெண்ட் சாக்கு. விடிந்தும் விடியாமல் தானே இடுப்பில் சுமந்துபோய் ஆற்றில் கொட்டினாள். அன்னக்கிளி ஒரு நடை கைகொடுத்தாள்.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்தார்கள். கேசரி, போண்டா, காபி. தட்டு மாற்ற நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது இராமதாஸ் சும்மா இருக்காமல் கேட்டார்: "ரிட்டயர்டு ஆயி வீட்டுலயே உக்காந்திருக்கீங்களே சம்மந்தி, பொழுது எப்படிப் போவுது?"

சிரிப்பு எழுந்தது. கலைவாணனும் சிரித்தான். செம்மல் எழுந்து உள்ளே போனார். ஆற்றங்கரைப் புதரில் ஒளித்துவைத்து, இருட்டியபின் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த ஜாடிக் கழுத்து பீரோவின் மேல்தட்டிலிருந்து இறங்கியது. ஆதிலட்சுமி காபித் தட்டோடு குறுக்கே வந்து பார்த்தாள்.

"ரோமாபுரிக்காரன் கப்பல்ல சாராயம் அடைச்சிக் கொண்டாந்த ஜாடி" என்று தொடங்கினார். ஒரு கிராமம் எப்படிச் சாம்ராஜ்யம் ஆனது, பொன்னைக் கொடுத்து நம் மிளகை எப்படி வாங்கித் தின்றது, கடைசியில் வெளியிலிருந்து வந்த எதிரியைவிட உள்ளே இருந்த மிதப்பு எப்படி அதைக் கவிழ்த்தது என்று முக்கால் மணிநேரம். போண்டா ஆறியது. "உங்க மருமக ரோமாபுரித் துறைமுகத்து மேல பொறந்தவ சம்மந்தி. நம்ம மனையிலயே கெடச்சிது. போட்டோ புடிச்சி, சர்வே நம்பர் போட்டு ஆபீசுக்கு ரிஜிஸ்தர் தபால் அனுப்பியிருக்கேன்."

இராமதாஸ் டம்ளரைக் கீழே வைத்தார். "சர்வே நம்பரும் எழுதிட்டீங்களா?"

"பின்ன? ஆதாரம் வேணுமில்ல."

ஆற்றோர மனைக்குப் பலகை நட்டால் என்ன ஆகும் என்று காண்ட்ராக்டருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. "நல்ல நேரம் தாண்டிடுச்சி போலிருக்கு. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று எழுந்தார். கொண்டுவந்த தட்டுகளை எண்ணாமல், ஆனால் ஒன்றையும் விடாமல் வேனில் ஏற்றினார்கள். கார்குழலி உள்ளறையில் ஜடை வில்லையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அழுததாக யாரும் பார்க்கவில்லை. பார்க்க முயற்சி செய்யாதவர்களும் தெருவில் இல்லை.

பத்து நாளில் ஆபீசிலிருந்து மூன்று பேர் டேப்போடு வந்தார்கள். நல்லவர்கள்தான், தண்ணீர் கேட்டுக் குடித்தார்கள். ஜாடிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அம்மாள், "இதுகூட வேற ஒண்ணும் வரலியா?" என்று கேட்டாள்.

"வரல" என்றார் செம்மல்.

"வந்திச்சி" என்றாள் ஆதிலட்சுமி. "ரெண்டு சாக்கு. ஆத்துல கொட்டிட்டேன்."

அந்த அம்மாள் பெருமூச்சு விட்டாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்திருந்தால் பெரிய விஷயம் சார், ஒற்றைத் துண்டை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது, எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம் என்றாள். எதற்கும் விசாரணை முடியும்வரை மனையில் மண்வெட்டி படக்கூடாது என்று ஒரு நோட்டீஸ், அதையே எழுதி வாசல் பக்கம் நட்ட ஒரு பலகை, ஜாடிக் கழுத்தை எடுத்துக்கொண்டதற்கு ஒரு ரசீது. போய்விட்டார்கள்.

செம்மல் குழியோரம் நின்றார். "ஒரு சாம்ராஜ்யத்தையே ஆத்துல கொட்டிட்டியேடி."

"நீ என் பொண்ணு கல்யாணத்தத் தபால்ல போட்டியே" என்றாள் ஆதிலட்சுமி. அவள் அவரை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. அன்னக்கிளி வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை இல்லை, பேச்சும் இல்லை. தெருவுக்குத்தான் கஷ்டம்.

கலைவாணனுக்குத் தையில் கடலூர்ப் பெண்ணோடு கல்யாணம் நடந்தது. மாடி வீடு, மனைக்கடியில் வெறும் மணல். கார்குழலி ஒரகடத்தில் ஒரு கம்பெனி வேலைக்குப் போனாள். அங்கேயே கூட வேலைபார்க்கும் ஒடிசாக்காரப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அம்மாவின் செல்லுக்கு மட்டும் ஒரு போட்டோ அனுப்பினாள். செம்மல் லேமினேட் செய்த ரசீதோடு புதுச்சேரி டவுனில் உப்பளத்துக்குக் குடிபோய்விட்டார். அங்கே ஒரு கோச்சிங் சென்டரின் மாடியறையில் தங்கிக்கொண்டு, ரோம் விழுந்த காரணங்களை எட்டுக் குறிப்பாகச் சொல்லித்தருகிறார். ஆதிலட்சுமி எங்கும் போகவில்லை. எருக்கு மண்டிய நான்கு குழிகளுக்குப் பக்கத்தில், பலகையின் முதுகைப் பார்த்த வாசலில் இருக்கிறாள். போன மாதம் அன்னக்கிளி பின்கட்டு எடுக்கக் குழி வெட்டினாள். விடிகாலையில் சாக்கோடு முதலில் வந்து நின்றவள் ஆதிலட்சுமிதான்.