பச்சை ஆற்றின் திறப்பு விழா

செத்துக்கொண்டிருந்த ஆற்றை மீட்க ஓர் அலுவலகம் திறந்தார்கள். அலுவலகம் முதலில் மீட்டது கரையைத்தான். இரு பக்கமும் புல்தரை, நடைபாதை, உட்கார பெஞ்சு. புல் பசேலென்று இருக்க வேண்டும் என்பது தலைமைப் பொறியாளரின் ஆசை. அதற்காக மூட்டை மூட்டையாக யூரியாவை இறைத்தவர் அவருடைய மச்சான். மழை பெய்தது, உரமெல்லாம் ஆற்றில் கரைந்தது, ஆறு புல்லைவிடப் பச்சையானது.

பாசியை அள்ள ஆள் வைத்தார்கள். அள்ளியதை எங்கே கொட்டுவது? நல்ல எருவாயிற்றே என்று புல்தரையிலேயே கொட்டினார்கள். அடுத்த மழையில் அதுவும் ஆற்றுக்கே திரும்பியது. ஓர் ஆற்றுக்கு வேளை தவறாமல் இப்படிச் சோறு போட இவர்களால்தான் முடியும்.

உதவிப் பொறியாளருக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன செய்ய? திறப்பு விழாவில் குழந்தைகளுக்கு நீச்சல் போட்டி. தண்ணீர் நீந்த உகந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அவர் மகளும் நீந்துகிறாள். பரிசோதனை முடிவோ, பாசியில் ஈரலைக் கெடுக்கும் விஷம் இருக்கிறது என்றது.

"சார், குழந்தைங்க இதை ஒரு வாய் குடிச்சாலே ஆபத்து சார்."

"யாருய்யா குடிக்கச் சொன்னா? நீந்தத்தானே சொன்னோம்?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"உங்க பேரனும் நீந்துறான் சார்."

தலைமைப் பொறியாளர் கொஞ்சம் யோசித்தார். "அவனுக்கு அன்னைக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்றார். விழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

விஷயம் கசிந்ததும் அந்தச் சளி அலுவலகம் முழுக்கப் பரவியது. கணக்கர் மகன், மேலாளரின் இரட்டைப் பெண்கள், எல்லோரும் ஒன்றாகப் படுத்தார்கள். உதவிப் பொறியாளர் மகளும் படுத்தாள், அழுதுகொண்டே. அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். தன் பிள்ளை தப்பினால் போதும் என்றிருந்தது. அப்படி நினைத்தது அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

விழா அன்று, புது நீச்சல் உடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பாசி அள்ளுகிறவர்களின் பிள்ளைகள். ஆள் குறைகிறதே என்று மச்சான்தான் பிடித்து வந்திருந்தார். பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

உதவிப் பொறியாளர் பாய்ந்து போய் மைக்கைப் பிடுங்கினார்.

"யாரும் இறங்காதீங்க! தண்ணி பூரா விஷம். நல்லாயிருக்குன்னு நான் போட்ட கையெழுத்து பொய்!"

பிள்ளைகள் பின்வாங்கினார்கள். தலைமைப் பொறியாளர் பார்த்த பார்வையிலேயே வேலை போய்விட்டது தெரிந்தது. ஆனாலும் உதவிப் பொறியாளரின் நெஞ்சு நிமிர்ந்தது. மேடையை விட்டு இறங்கியவரிடம், மகனை இழுத்து அணைத்தபடி ஒரு பெண் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து, அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு மாசமா நாங்க இடுப்பளவு தண்ணியில நின்னுதானே இதை அள்ளுறோம்," என்றாள் அவள். "எங்ககிட்ட ஏன் சார் சொல்லல?"