மூன்றாவது காரணிக்கு வைத்த பெயர்

அலுவலகத் தலைவர் நீட்டிய அறிக்கையில் அவள் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். மூன்றாவது காரணிக்கு எதிரே 'கவனம்' என்று இருந்தது. அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான்.

பள்ளிப் பிள்ளைகளின் அறிவுத்திறன் சோதனைகளை அலசும் அலுவலகத்தில் அவள் புள்ளியியலாளர். எந்தெந்தச் சோதனைகளின் மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று கணினி கூட்டுச் சேர்த்துக் கொடுத்துவிடும்; அந்த ஒவ்வொரு கூட்டும் ஒரு காரணி. அடியில் ஒளிந்திருக்கும் திறன் என்னவென்று மட்டும் வாயைத் திறக்காது. பெயர் வைப்பது மனிதர்கள் பாடு. எண்வரிசை, கதை நினைவு, கட்டளை வரிசை என்ற மூன்று சோதனைகளும் மூன்றாவது காரணியாக ஒட்டிக்கொண்டு வந்தபோது அவள் யோசிக்கவே இல்லை. அவள் மகளும் அந்தச் சோதனைகளை எழுதியிருந்தாள். மற்றதில் எல்லாம் படுசுட்டி, இந்த மூன்றில் அடிமட்டம். கூப்பிட்டால் திரும்பாத திமிருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா என்ன. எத்தனை முறை தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறாள்.

"மூணாவதுல கம்மியா இருக்குற பிள்ளைங்கள தனி வகுப்புல போடப் போறாங்களாம்மா. நல்ல காரியம்," என்று தலைவர் அறிக்கையோடு போய்விட்டார்.

மத்தியானம், சோதனை நடத்தும் பெண் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு உறையிலும் பிள்ளைகளுக்கான படத்தாள்கள், அட்டைகள். எண்வரிசை, கதை நினைவு, கட்டளை வரிசை என்று எழுதிய மூன்று உறைகள் மட்டும் தட்டையாகக் கிடந்தன.

"இதுல பிள்ளைங்க கையில என்ன குடுப்பீங்க?"

"ஒண்ணும் இல்லக்கா. நான் வாயால சொல்லுவேன், அதுங்க கேட்டுக்கணும். அந்த மூணு மட்டும் அப்படித்தான்."

அவள் தலைவரின் அறைப் பக்கம் திரும்பினாள். "அந்த அறிக்கை எங்க?"

"அப்பவே எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பியாச்சே."

தலைவரின் அறை பூட்டியிருந்தது. போனையும் அவர் எடுக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

மகள் கதவுக்கு முதுகைக் காட்டி, மேஜையில் குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். வாசலில் நின்றபடி அவள் மெதுவாகக் கூப்பிட்டாள். பென்சில் நிற்கவில்லை. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். மகள் நிதானமாக ஒரு மரத்துக்கு இலை வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிவிடு கண்ணே, திமிராகவே இருந்துவிட்டுப் போ என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே கிட்டே போனாள்.

நிழல் தாளில் விழுந்ததும் பிள்ளை தூக்கிவாரிப் போட்டுத் திரும்பியது. தோளைச் சுருக்கிக்கொண்டது.

"கவனிச்சுட்டுதாம்மா இருந்தேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகளின் பார்வை அவள் கண்களில் இல்லை. பிள்ளை இமைக்காமல் அம்மாவின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தது.