மஞ்சள் கோடு

ஃபிட்டர் ராட்சத ராட்டினத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு இறங்கியபோது, பொழுதுபோக்குப் பூங்காவின் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்து புயலைத் திட்டிக்கொண்டிருந்தார். அது போய் ஒரு வாரமானதால் அதற்குக் காதில் விழ வாய்ப்பில்லை. கடலோர மரப்பாதையில் பாதியை அலை பிய்த்துப் போயிருந்தது. குடைராட்டினத்தின் குதிரைகளில் மூன்றை வாரிக்கொண்ட கடல், ஒன்றை மட்டும் தலையில்லாமல் திருப்பி அனுப்பியிருந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. நட்டை இறுக்கியதும் அதன் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து ஒரே மஞ்சள் கோடு இழுப்பார்கள். நட்டு இளகினால் கோடு இரண்டாக விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். புயலுக்குப் பின் நாற்பது கோடுகள் விலகியிருந்தன.

"முப்பது இறுகிடுச்சு சார். பத்துல மரை தேஞ்சு போச்சு, இறுக மாட்டேங்குது. புது போல்ட் வர பத்து நாள் ஆகும்."

"ஞாயித்துக்கிழமை திறக்கறோம்னு போர்டு வச்சாச்சேய்யா. கோடு போட எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

"அப்ப பத்து நிமிஷ வேலையைப் பாரு."

ஃபிட்டர் பார்த்தார். அந்தப் பத்திலும் பழைய கோட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக, நேராக இழுத்தார். சோதனைக்கு வந்த அதிகாரி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அண்ணாந்து பார்த்து, "கோடு எல்லாம் நேரா இருக்கே" என்று பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு மதியம் வரிசை கடல் வரை நீண்டது. பம்ப் அறையிலிருந்து வந்த ஃபிட்டரைப் பார்த்து ராட்டினத்தை இயக்கும் லீவர்க்கார அக்கா சிரித்தாள்.

"உங்க பொண்ணு மேலதான் இருக்கா, அவ சித்தியோட."

"வர வேணாம்னு சொன்னேனே."

"எங்கப்பா இறுக்கின ராட்டினம்னு வரிசை பூரா சொல்லிட்டு ஏறினா. பயந்துக்கிட்டு நின்ன நாலு பேர் அதைக் கேட்டுத்தான் ஏறியிருக்காங்க."

அப்போது மேலே 'டக்' என்றது.

"அது என்னக்கா?"

"காலையிலேர்ந்து சுத்துக்கு ஒரு தடவை கேக்குது. புதுக் கோடு போட்டிருக்கீங்களேன்னு நானும் விட்டுட்டேன்."

ஃபிட்டர் அண்ணாந்து பார்த்தார். "நிறுத்துக்கா. எல்லாரையும் இறக்கணும். மெதுவா."

இறக்குவதற்கும் ராட்டினம் சுற்றியாக வேண்டும், அதுதான் கொடுமை. ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் மறுபக்கம் கனத்துச் சாயும். எனவே எதிரெதிர்க் கூண்டுகளாக, மாற்றி மாற்றி. ஒவ்வொரு அரைச் சுற்றையும் அவர் எண்ணினார். டக். இரண்டு பேர் இறங்கினார்கள். டக். ஒரு குடும்பம் இறங்கி, பாதியில் இறக்கிவிட்டதாகச் சண்டை போட்டது. மகளின் கூண்டு கடைசி.

உச்சியிலிருந்து அவள் கையசைத்தாள். அவரும் அசைத்தார். நடுக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் அவர்தான் அதிக உற்சாகமாக அசைத்ததுபோல் தெரிந்தது.

மேனேஜர் ஓடி வந்தார். "யாரைக் கேட்டுய்யா இறக்குற? ஒண்ணும் ஆகலையே."

கடைசிக் கூண்டு தரைக்கு வந்தது. மகள் குதித்து வந்து கையை விரித்தாள். "அப்பா, இது மேலேர்ந்து என் மடியில விழுந்துச்சு."

அவள் உள்ளங்கையில் ஒரு நட்டு. அதன் மேல் பாதி மஞ்சள் கோடு, நேராக, பளபளவென்று.

"கோடு நேரா இருந்தா இறுக்கமா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

ஃபிட்டர் அந்த நட்டை எடுத்து மேனேஜரின் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"புயலைத் திட்டாதீங்க சார். அது ஆட்டிட்டு, எங்கெங்க ஆட்டினேன்னு அடையாளமும் வச்சிட்டுத்தான் போச்சு. அழிச்சது நான். அதிகாரிக்கு நானே எழுதிக் கொடுத்துடறேன், நடந்தது எல்லாத்தையும். ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கங்க. செய்யாத வேலையைச் செஞ்சதா காட்டினா, அதை நம்பி ஏறுறது யாரோ ஒருத்தர் வீட்டுப் பிள்ளை. அது நம்ம பிள்ளையா இருந்தாத்தான் பயம் வரும்னா, நாம கோடு போடக்கூட லாயக்கில்லாதவங்க."