பட்டாளத்தார் மூலை

என் வீட்டுக்காரர் காலில் முள் குத்தினாலே தெருவைக் கூட்டுகிற ஆள். அப்படிப்பட்டவர் மணிக்கட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கருகருவென்று ஒரு புண்ணை வைத்துக்கொண்டு, "வலியே இல்லடி, ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னபோது எனக்குப் பயமாகிவிட்டது. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் களிம்பைத் தடவிவிட்டு என் தையல் மெஷினில் போய் உட்கார்ந்திருப்பேன்.

மறுநாள் முழங்கை வரை வீங்கியது. அவரோ கண்ணாடி முன்னால் நின்று, விழாவில் பேசப்போகும் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றால், "விழா முடியட்டும், போலாம்" என்றார். விழா சனிக்கிழமை.

அந்த விழா யாருக்கு என்று கேளுங்கள். இவருடைய தாத்தாவுக்குத் தாத்தாவுக்கு. நூறு வருஷத்துக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவர். பட்டாளத்தில் இருந்து திரும்பி, சர்க்கார் கொடுத்த நிலத்தில் விவசாயம் பார்த்தாராம். பட்டாளத்தார் என்றுதான் குடும்பத்தில் பேச்சு. பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரருக்கு, வேலை முடிந்த கையோடு இந்தப் பட்டாளத்தார் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆவணக் காப்பகம், நில அலுவலகம், தூரத்துச் சொந்தக்காரர்கள் வீடு என்று ஒன்று பாக்கி வைக்கவில்லை. போய்விட்டு வந்து சாப்பிடும்போதெல்லாம் அதே பேச்சு. நான் மெஷினை மிதித்தபடி உம் கொட்டுவேன். பாதி காதில் விழும், மீதி மெஷின் சத்தத்தில் போய்விடும்.

வாள், பீரங்கி, பதக்கம் என்று தேடிப் போனவருக்குக் கிடைத்த சேதி வேறு. பட்டாளத்தார் சண்டையே போட்டதில்லை. படைக்குச் சாமான் ஏற்றிப் போகும் மாட்டு வண்டியை ஓட்டியிருக்கிறார். அது தெரிந்ததும் இவர் ஒரு வாரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தார்.

பிறகுதான் அந்த மூலை ஞாபகம் வந்தது. எங்கள் நிலத்தின் ஓரத்தில் கல்லைக் குவித்து வைத்த ஒரு மூலை உண்டு. ஏரோ டிராக்டரோ அந்தக் கல்லோடு திரும்பிவிடும். ஆடு மாடு மேயவும் விடமாட்டார்கள். ஏன் என்று கேட்டால், "பட்டாளத்தார் மூலை, தொடக்கூடாது" என்பார் என் மாமியார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர் அதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார். பட்டாளத்தார் தன் போர்க்குதிரையை அங்கேதான் புதைத்திருக்கிறாராம்.

"வண்டிக்காரருக்கு ஏதுங்க போர்க்குதிரை?" என்று கேட்டேன்.

"உனக்கு இதெல்லாம் புரியாது. நீ துணியைப் பார்த்து வெட்டு" என்றார்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்லியும்விட்டார். கைதட்டினார்கள். நினைவுத் தூண் நடுவதென்று முடிவானது. தலைகால் புரியாமல் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போய்த் தோண்டினார். சாயங்காலம் உடம்பெல்லாம் பழைய சுண்ணாம்பு அப்பியிருக்க, ஒரு பெரிய கால் எலும்பைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதை என் குளியலறை வாளியில் போட்டுக் கழுவினார். வாளியை அன்றைக்கே தூக்கியெறிந்தேன். எலும்பு விழாவுக்குக் காட்சிக்கு வைக்கவென்று பள்ளிக்கூடத்து ஹாலுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை வீக்கம் தோளுக்கு ஏறியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. இனி இவரிடம் கேட்டுக்கொண்டிருக்க முடியாதென்று ஆட்டோவில் ஏற்றினேன். என் நாத்தனாரும் கூட ஏறிக்கொண்டார். அண்ணன் பெருமைக்கு ஒரு குறை வந்துவிடக்கூடாதே.

டாக்டரம்மா சின்ன வயதுதான். புண்ணைச் சுற்றி அழுத்திப் பார்த்து, "வலிக்குதா?" என்றார்.

"துளிகூட இல்ல டாக்டர்."

அதைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "செத்த ஆடு மாடு எதையாவது தொட்டீங்களா? தோல், எலும்பு?"

"எலும்பு தோண்டினார்" என்றேன்.

"அது குதிரைங்க. எங்க பாட்டன் ஏறிப் போன போர்க்குதிரை" என்றார் நாத்தனார். கட்டிலில் இவரும் தலையாட்டினார்.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். "பூச்சிக்கடியாவும் இருக்கலாம்மா. மாட்டுக்கு வர்ற அடைப்பான் நோயாவும் இருக்கலாம், ஆந்த்ராக்ஸ்னு சொல்வாங்க. அந்தக் கிருமி மண்ணுக்குள்ள காலகாலமா சாகாம கிடக்கும். ஊசி இப்பவே போட ஆரம்பிக்கிறேன். ஆனா வீக்கம் போற வேகத்துக்கு இது மட்டும் பத்தாது. கழுத்துக்கு ஏறினா மூச்சு அடைச்சிரும். பெரிய ஆஸ்பத்திரில இருந்து வேற மருந்து வரவழைக்கணும். சும்மா சந்தேகம்னு கேட்டா அனுப்ப மாட்டாங்க. டெஸ்ட் முடிவு வர நாளாகும்."

"நான் என்ன செய்யணும் டாக்டர்?"

"அங்க என்ன பொதைச்சிருக்குன்னு எனக்குத் தெரியணும். வயசாகிச் செத்த ஒரு குதிரைன்னா பயமில்ல. மாடு கொத்தா செத்து, சுண்ணாம்பு கொட்டிப் பொதைச்சதுன்னா கதையே வேற."

சுண்ணாம்பு என்றதும் அன்றைக்கு இவர் உடம்பெல்லாம் அப்பியிருந்தது கண்முன் வந்தது, ஆனால் புதைத்தது மாடுதான் என்று எதை வைத்துச் சொல்ல? வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, இந்த மனிதர் இத்தனை மாதம் என் காதில் கொட்டியதையெல்லாம் கிளறினேன். பாழாய்ப் போன மெஷின் சத்தம்தான் முதலில் ஞாபகம் வந்தது. அப்புறம் ஒன்று தட்டுப்பட்டது. ஆரம்பத்தில் ஒரு நாள், ஒரு சொந்தக்காரக் கிழவர் சொன்னதாக இவர் சொன்னார். பட்டாளத்தார் ஒரு வருஷம் முழுக்க நுகத்தடியைத் தன் தோளில் வைத்து ஏர் இழுத்தாராம். "என்ன பலம் பாரு" என்று பூரித்துப்போனார். குதிரைக் கதை வந்த பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வாழ்நாளெல்லாம் மாட்டோடு கிடந்த வண்டிக்காரர் எதற்குத் தானே ஏர் இழுக்க வேண்டும்? தொழுவத்தில் மாடு இருந்தால் இழுப்பாரா?

உள்ளே போய், நாத்தனாரை டீ வாங்கிவர அனுப்பினேன். கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"பட்டாளத்தார் வீட்டு மாடெல்லாம் என்னங்க ஆச்சு?"

"என்ன மாடு?"

"அவர் ஏர் இழுத்த வருஷம். மாடெல்லாம் எங்க போச்சு?"

கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாராம். முப்பது வருஷமாகப் பார்க்கிற தூக்கம், எனக்கா தெரியாது?

"இதப் பாருங்க. பொய் சொன்னா ஊர் நம்பும், அந்தப் புண்ணு நம்பாது. உங்களைப் பொணமா வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் தெம்பில்ல. எனக்குப் பயமா இருக்குங்க."

கண்ணைத் திறந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "கொம்பு இருந்துச்சு" என்றார்.

"என்னது?"

"தோண்டத் தோண்டக் கொம்பா வந்துச்சு. எத்தனை மாடுன்னே தெரியல. அப்படியே தள்ளி மூடிட்டு, நீளமா இருந்த ஒரு எலும்பை மட்டும் எடுத்துட்டு வந்தேன்."

"தெரிஞ்சுமா கொண்டுவந்தீங்க?"

"ஊரே குதிரைன்னு கைதட்டிருச்சு. மாட்டு எலும்போட எப்படிடி போய் நிக்கறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு சாத்து சாத்தியிருப்பேன். அழுகையும் சேர்ந்து வந்துவிட்டதால் அவர் தப்பித்தார். ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். யார் யாரிடமோ பேசினார், கத்தினார், கெஞ்சினார். பிறகு என் பக்கம் திரும்பி, "எலும்பு இப்ப எங்க இருக்கு?" என்றார்.

"பள்ளிக்கூடத்து ஹால்ல" என்றேன்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். தலைமையாசிரியர் குஷியாக இருந்தார். "ஹால்லதாம்மா இருக்கு. தினமும் வகுப்பு வாரியா வந்து தொட்டுப் பார்க்கறாங்க. பசங்களுக்கு ஒரே சந்தோஷம்."

ஹாலைப் பூட்டுங்கள், யாரையும் தொடவிடாதீர்கள் என்றேன். மனிதர் சிரித்தார். நாளைக்கு விழா, எத்தனை பெரியவர்கள் வருகிறார்கள், கடைசி நேரத்தில் பீதியைக் கிளப்புகிறீர்களே என்று என்னைக் கடிந்துகொண்டார். நான் வார்டு வாசலில் நின்று மல்லுக்கட்டுவது இவருக்குக் கேட்டிருக்கிறது. வீங்காத கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன்.

"சார், நான்தான் பேசறேன். அது குதிரை இல்ல சார். மாடு. சீக்குல செத்த மாடு." மூச்சு வாங்கியது. "எங்க பாட்டன் வண்டிதான் ஓட்டினார். சண்டை போடல. மாடெல்லாம் செத்ததும் தோல், கொம்புகூட எடுக்காம பொதைச்சிட்டு, யாரும் தொடாதீங்கன்னு கல்லை வச்சிட்டுப் போனார். நான்தான் தோண்டினேன். நான் சொன்னதெல்லாம் பொய் சார். பசங்களை அந்தப் பக்கம் விடாதீங்க."

டீயோடு வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டார். வார்டில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். இவர் போனை மார்பில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். பாவமாகத்தான் இருந்தது. அதைவிடப் பாவம் அந்தப் பட்டாளத்தார். கும்பி காய்ந்த நேரத்திலும் தோலை விற்றுக் காசு பார்க்காமல், நல்ல நிலத்தில் ஒரு மூலையையும் விட்டுக்கொடுத்திருக்கிறார். அதைச் சொல்லிப் பெருமைப்பட எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

மருந்து வந்தது. வீக்கம் கழுத்தடிவரை வந்து நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுகாதாரத் துறை ஆட்கள் வந்து அந்த எலும்பை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனதாகவும், பிள்ளைகள் எல்லாருக்கும் மாத்திரை கொடுப்பதாகவும் சொன்னார்கள். வீக்கம் இறங்க ஆரம்பித்து, இனி பிழைத்துக்கொள்வார் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, ஒரு பெண் தயங்கித் தயங்கி எங்கள் கட்டிலுக்கு வந்தாள்.

"எம்பொண்ணும் அந்தப் பள்ளிக்கூடந்தாங்க" என்றாள்.

திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன். திட்டட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அவள் திட்டவில்லை. "கன்னத்துல புண்ணு வந்திருச்சுங்க. எப்படி அங்க வந்துச்சுன்னு டாக்டர் கேக்கறாங்க. குதிரையைத் தொட்ட கைன்னு அவ கையைக் கழுவவே மாட்டேன்னுட்டா. படுக்கும்போதுகூட அந்தக் கையைக் கன்னத்துக்கடியில வச்சுக்கிட்டுதான் படுப்பா."

கட்டிலோரம் இருந்த ஸ்டூலை அவளுக்கு நகர்த்திப் போட்டேன்.

"எங்க இருக்கா?" என்றார் இவர்.

"கீழ் வார்டுல. ஒரு கண்ணு தெறக்க முடியல. இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறாங்க. அது குதிரை இல்லம்மான்னு சொன்னா, என்னோட சண்டைக்கு வர்றா."

இவர் போர்வையை விலக்கிவிட்டுக் காலைக் கீழே வைத்தார். எழுந்திருக்கக் கூடாது என்று நர்ஸ் சத்தம் போட்டாள். கம்பியில் தொங்கிய மருந்து பாட்டிலை நான் கழற்றி, கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் முன்னால் நடந்தாள். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.