மோட்டார் ரூம் பறவைகள்

கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அம்மா, அழுகைக்கு நடுவிலேயே மதுமதியின் காதோரம் சொன்னாள்.

“மோட்டார் ரூமுக்கு ஒரு நடை போயிட்டு வந்துரு சாமி. தண்ணி வெச்சு ரண்டு நாளாச்சு.”

சொன்ன கையோடு, “என்னத் தனியா உட்டுட்டுப் போயிட்டீங்களே” என்று விட்ட இடத்திலிருந்து மறுபடி அழத் தொடங்கிவிட்டாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நடுக்கூடத்தில் வாடகைக்கு வந்த ஃப்ரீசர் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் அப்பா குணசீலன், தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டி, பல்வலிக்காரர் போலப் படுத்திருந்தார்.

மதுமதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மோட்டாருக்கு யாராவது தண்ணீர் வைப்பார்களா? அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தாள். இரண்டு நாளாக ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தவள். தூக்கமும் இல்லை, சோறும் இல்லை.

“என்னம்மா சொல்ற?”

“சாவி ராகி மாவு டப்பாக்குள்ள இருக்குது. நான் காரியம் முடியற வரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. நீதான் போவோணும். ஒறம்பரை சனம் ஆருக்கும் தெரிய வேண்டாம்.”

மாவு டப்பாவுக்குள் சாவி என்றதும்தான் இது புத்தி தடுமாறிய பேச்சில்லை என்று பட்டது.

எழுந்தவளின் கையை அங்கம்மாள் அத்தை பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு அக்கா. காலையிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். வருகிற ஒவ்வொருவருக்கும் முன்னால் புதிதாகக் கேட்பாள்.

“ஒரு பீடி குடிச்சிருப்பானா? ஒரு நாள் தண்ணி போட்டிருப்பானா? எந்தம்பிக்கு நெஞ்சு எப்படி அம்மிணி கெட்டுப்போச்சு?”

“பறவைத் தூசி ஒத்துக்கலைங்க அத்தை. நுரையீரல் கெட்டியாயிருச்சு.”

“அதான் போன வருசமே எல்லாத்தையும் குடுத்துட்டானே?”

“குடுத்துட்டாருங்க. லேட்டாக் குடுத்துட்டாரு.”

“லவ் பேர்ட்ஸுதானே அம்மிணி?” என்றாள் பக்கத்தில் இருந்த ஒருத்தி. “எம்பேரனுக்கு ஒரு சோடி கேட்டுட்டே இருந்தேன். குடுக்காமயே போயிட்டாரு.” மூக்கைச் சிந்தி, அந்தக் கையை ஃப்ரீசர் பெட்டியின் ஓரத்திலேயே துடைத்தாள். மதுமதி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

அப்பா முப்பது வருஷம் கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். சீக்குக் கோழியைக் கண்டால், பேசிக்கொண்டிருக்கிற பேச்சை நிறுத்தாமலே கழுத்தைத் திருகிக் குழியில் வீசுவார். அதே மனிதர் வீட்டுக்கு வந்தால் மாடிக் கூண்டுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எந்தப் பொட்டை எந்த ஆணோடு சேர்கிறது என்று பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். ஊரே லவ் பேர்ட்ஸ் என்று சொன்னாலும் அவர் மட்டும், “பட்ஜின்னு சொல்லோணும்” என்று திருத்துவார். மூக்குத்தோல் நீலமாக இருந்தால் ஆண், பழுப்பாக இருந்தால் பெண். பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்கலயத்துக்குள் முட்டை வைக்கும். பதினெட்டாம் நாள் குஞ்சு வரும். முட்டை வைத்த தேதியைக் கலயத்தின் மேல் மார்க்கரால் எழுதி வைப்பார். பெற்ற மகளின் பிறந்த தேதியைப் பள்ளிக்கூடத்தில் தப்பாகக் கொடுத்தவரும் அவர்தான்.

இருமல் வந்து, மூச்சு வாங்கி, சேலத்துக்குக் கூட்டிப் போனபோது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். பறவைகள் இன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் மருந்து தின்பதே வீண். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. ஆட்டையாம்பட்டியில் பறவை வளர்க்கிற யோகேஷுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். மாடியைக் கழுவி விட்டார்கள். மதுமதி நாமக்கல்லில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். அங்கேயே தங்கியிருந்தவள், அப்பாவுக்காக எருமப்பட்டித் தோட்டத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரத் தொடங்கினாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேலம். மாத்திரை கூடிக்கொண்டே போனது. மூச்சு குறைந்துகொண்டே வந்தது. “வீட்டுல பறவை ஒண்ணும் இல்லையே?” என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். “ஒண்ணுகூட இல்லைங்க டாக்டர்” என்று ஒவ்வொரு தடவையும் மதுமதிதான் சொல்வாள். அப்பா மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சாவி மாவு டப்பாவின் அடியில் இருந்தது. கையெல்லாம் ராகி மாவு. பந்தலில் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆண்களைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகத் தோப்புக்குள் இறங்கினாள்.

மோட்டார் ரூம் தென்னந்தோப்பைத் தாண்டிக் கிணற்றடியில் இருந்தது. செல்போனிலேயே மோட்டாரைப் போடுகிற ஸ்டார்ட்டர் வந்த பிறகு யாருக்கும் அந்தப் பக்கம் வேலை இல்லை. சுற்றியும் சோளக்காடு, கிளிக் கத்தல் எப்போதும் உண்டு. அப்பா மட்டும் காலையிலும் சாயங்காலமும், “காலாற நடந்துட்டு வாரேன்” என்று போவார். டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் மதுமதிக்கு அதில் சந்தோஷம்தான். திரும்பி வந்ததும் நேராகப் புறக்கடைக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். நோயாளியாக இருந்தும் சுத்தத்தை விடவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

பூட்டைத் திறந்து தகரக் கதவைத் தள்ளியதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. புளித்த எச்சம், அழுகிய கீரை, இறகு, அதற்கு மேல் செத்ததன் வீச்சம். கூரைத் தகரம் மே மாத வெயிலில் காய்ந்து உள்ளே அடுப்பாக இருந்தது. கதவு திறந்த காற்றில் எழும்பிய தூசி வெளிச்சத்தில் மாவு போல மிதந்தது. சுவரோடு சுவராக மூன்று பெரிய கூண்டுகள். பச்சை, மஞ்சள், நீலம். முப்பதுக்குக் குறையாது. பாதி இறக்கையை விரித்து வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. நாலைந்து கீழே தட்டில், தங்கள் எச்சத்தின் மேலேயே மல்லாந்து கிடந்தன.

மதுமதி துப்பட்டாவை மூக்கில் அழுத்திக்கொண்டு பார்த்தாள். ஆணியில் அப்பாவின் பழைய பச்சைச் சட்டை தொங்கியது. தோள்பட்டை முழுக்க வெள்ளைத் தூசி. அவள் பெட்டி பெட்டியாக வாங்கிக் கொடுத்த மாஸ்க்குகளின் எலாஸ்டிக்கை அறுத்துக் கூண்டுக்குள் குச்சிகளைக் கட்டியிருந்தார். எதிர்ச்சுவரில் நீல வண்ணம், ஓரத்தில் ஸ்டார்ட்டர் பெட்டி. “யோகேஷு அனுப்பியிருக்கான், பாரு அம்மிணி, எப்படி இருக்குதுன்னு” என்று அப்பா போனில் காட்டிய வீடியோக்களில் அவள் பத்துத் தடவையாவது பார்த்த சுவர். ஸ்டார்ட்டர் பெட்டியும் அதில் இருந்தது. சொந்தத் தோட்டத்து மோட்டார் ரூமை அடையாளம் தெரியாத டீச்சர்.

முதலில் அப்பாவின் மேல் அருவருப்பு வந்தது. இப்படிப்பட்ட நாற்றத்துக்குள் உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அவள் பிடித்த நெபுலைசருக்குள்ளும் அதே வாயை வைத்திருக்கிறார். பிறகு பறவைகளின் மேல். சாகட்டும் என்று நினைத்தாள். இன்றைக்கு ஒரு நாள் கதவைச் சாத்தினால் போதும், சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கதவைச் சாத்தினாள், பூட்டினாள், கிணற்று மேட்டில் ஒருமுறை வாந்தி எடுத்தாள், வீட்டுக்கு நடந்தாள்.

அம்மாவை உள் அறைக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கதிர்வேல் மாமா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மதுமதி மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“வெச்சுட்டு வந்தியா சாமி?”

“நீயும் கூட்டாம்மா?”

அம்மா கோடிச் சேலையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“பாதியத்தான் யோகேஷுக்குக் குடுத்தாரு. மீதி குடுக்க மனசு வல்ல. அங்க போயிட்டு வந்தாத்தான் ரண்டு வாய் சோறு எறங்கும் அவருக்கு.”

“டாக்டர் என்ன சொன்னாரு? பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுத்தான இருந்த?”

“கேட்டேன். அதுனாலதான் ஊட்டுக்குள்ள ஒரு எறகு வர உடல. எழவூட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்கு வாத்துக்கிட்டுத்தான உள்ள வாறோம்? அப்படித்தான். சட்டைய அங்கயே கழட்டிப் போட்டுட்டு வருவாரு. நான் சுடுதண்ணி வாத்து உடுவேன். சீயக்கா போட்டுத் தேச்சு, காதுக்குள்ள மூக்குக்குள்ள எல்லாம் கழுவி உடுவேன். ஒரு நாளைக்கு ரண்டு தடவை. ஒரு நாள் தவறல.”

“அது தோல்ல ஒட்டறது இல்லம்மா! மூச்சுல உள்ள போறது. குளிச்சா எப்படிப் போகும்?”

“எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? தூசின்னு நீதான சொன்ன. தூசின்னா குளிச்சாப் போயிருமில்ல?”

ஆமாம், சொன்னது அவள்தான். சேலத்திலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு, பஸ்ஸில், அம்மா என்ன ஏதென்று கேட்டபோது, பரீட்சை விடைத்தாளைத் திருத்திக்கொண்டே, தூசிம்மா, பறவைத் தூசி என்று சொன்னாள். ஊரார் பிள்ளைகளுக்கு ஒரே பாடத்தை நாலு தடவை நடத்துகிறவள், பெற்ற தாய்க்கு ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். இப்போது அருவருப்பு அவள் பக்கமே திரும்பியது. தன் நாக்கையே துப்பிவிடலாம் போல இருந்தது.

“டாக்டர் சொல்றது உனக்குத்தான் புரியும், நாங்க கேட்டா என்ன புரியும்னு கேக்காம இருந்துட்டோம்” என்றாள் அம்மா. பிறகு மெதுவாக, “குஞ்சு வேற இருந்துச்சு. ஆருக்காவது குடுத்துறலாம். அதுக்கு முன்னால தண்ணியில்லாம சாவ உட்றாத சாமி. ஒரு எழவு போதும்” என்றாள்.

வெளியே பறை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உடம்பைக் குளிப்பாட்டப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கிறார்கள் என்று அர்த்தம். மதுமதி மறுபடி தோப்புக்குள் ஓடினாள்.

கிணற்றுத் தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு வந்து ஒவ்வொரு கிண்ணமாக ஊற்றினாள். முதல் கிண்ணத்தில் தண்ணீர் விழுந்த சத்தம் கேட்டதும் மூன்று கூண்டும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. ஒன்றின் தலையை ஒன்று மிதித்துக்கொண்டு இறங்கின. மூலையில் மூட்டையில் தினை இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கொட்டினாள். வேர்வையும் தண்ணீருமாக இருந்த கையில் தினை முழங்கைவரை அப்பிக்கொண்டது. செத்தவற்றைக் காலில் கட்டிய வளையத்தோடு எடுத்துக் காகிதத்தில் போட்டாள். ஒன்று விரலில் பிசுபிசுத்தது. கெட்ட வார்த்தை வாயில் வந்தது, சொன்னாள்.

ஒரு கலயத்தில் “மே 3, நாலு முட்டை” என்று அப்பாவின் கையெழுத்து. எட்டிப் பார்த்தால் நீலப் பொட்டை ஒன்று, இறகு முளைக்காத சதைத் துண்டுகள் மேல் உட்கார்ந்திருந்தது. எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. குஞ்சுகளை எடுக்கக் கையை விட்டபோது அந்தப் பொட்டை விரலைக் கவ்வி, சதை கிழிகிற மாதிரி கடித்தது. “செத்துப்போச்சு, உடு சனியனே” என்று அதட்டியும் விடவில்லை. மதுமதி மற்றொரு கையால் தண்ணீர்க் கிண்ணத்தைக் கலயத்து வாயில் பிடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் விரலை விட்டுவிட்டுக் குடிக்கத் தொடங்கியது.

“மதுமதி! ஏ அம்மிணி! வாய்க்கரிசிக்கு நேரமாச்சு, எங்க போயிட்ட?” கதிர்வேல் மாமா தோப்பு முனையிலிருந்து கூப்பிட்டார்.

ஓடிய வேகத்தில் கையைத் துப்பட்டாவில் துடைத்தாளே தவிர, கழுவத் தோன்றவில்லை. வாசலில் பாடையில் படுக்க வைத்திருந்தார்கள். சீயக்காய் மணந்தது. அம்மாவைக் கைத்தாங்கலாக நிலைப்படிவரை கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள். சடங்கு செய்கிறவர் அரிசித் தட்டை நீட்டினார்.

“பொண்ணு போடுங்க அம்மிணி. மூணு தடவை.”

பக்கத்தில் போனபோது தன் உடம்பிலிருந்து வந்த மோட்டார் ரூம் நாற்றம் அவளுக்கே தாங்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அரிசியை அள்ளி, தாடைக்கட்டு அவிழ்க்காத வாயின் மேல் வைத்தாள். உதட்டிலும் மீசையிலும் அரிசி நின்றது. அரிசிக்கு நடுவில் மஞ்சளாக நாலைந்து தினை.

அங்கம்மாள் அத்தை கண்ணைச் சுருக்கிக் குனிந்தாள். “அரிசில என்னமோ கலந்திருக்குதாட்ட இருக்குதே?” என்று சொல்லி, தட்டிவிடக் கையை நீட்டினாள்.

“இருக்கட்டுங்க அத்தை” என்று மதுமதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நிலைப்படியில் நின்ற அம்மா அப்பாவின் வாயைப் பார்த்தாள்; பிறகு மகளின் கையைப் பார்த்தாள். அவள் அழுகை நின்றிருந்தது.

மாமா குரல் கொடுத்தார். நாலு பேர் குனிந்து பாடையைத் தோளுக்குத் தூக்கினார்கள். ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்ததில் மீசையிலிருந்த அரிசி உதிர்ந்தது. தினை உதட்டோடு ஒட்டிக்கொண்டு போனது.